மரத்தில் எரிபொருள் எடுக்க முன்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மரத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலைக்குக் காணி ஒதுக்க இணங்கியிருக்கும் அதிகாரிகளுக்கு,

உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மூதூர்ப் பக்கத்துப் பற்றைக்காட்டையும் அதையொட்டிய மேய்ச்சல் தரையையும் "பயன்பாடற்ற அரச காணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிற்கும் மரத்தை வெட்டி, கொட்டியாரக் குடாக் கரையில் கட்டப்போகும் ஆலையில் இரசாயன முறையில் டீசலுக்கான மூலப்பொருளாக மாற்றலாம் என்று கொள்கையளவில் சம்மதமும் கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் ஊர்ச் சங்கங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு திரைக்காட்சி ஓடியது. தமிழில் எங்கள் கைக்கு வந்தது இரண்டு பக்கத் தாள். ஆலை எப்படி இயங்கும் என்பதைப் பற்றி அதில் இருந்ததெல்லாம் "வெப்ப இரசாயன முறை" என்ற ஒரு சொற்றொடர் மட்டும்தான்.

நான் எழுந்து மூன்று விடயம் கேட்டேன். நாளொன்றுக்கு எத்தனை தொன் மரம் வேண்டும்? கழிவுநீர் எங்கே போகும்? ஐதரசன் எங்கிருந்து வரும்? மேசையில் இருந்த ஒருவர், "அது தொழில்நுட்ப விடயம் ரீச்சர், பொறியியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். வேலை செய்த காலம் முழுவதும் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த எனக்கே இந்தப் பதில் என்றால், பக்கத்தில் இருந்த மாடு வளர்க்கும் அண்ணருக்கும் மட்டி எடுக்கும் தங்கச்சிக்கும் என்ன பதில் கிடைத்திருக்கும்? அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த விஞ்ஞானத்துக்கு நான் எதிரி இல்லை. மரத்தை அமிலத்தோடு சேர்த்தால் வெல்லம் பிறக்கும் என்பதை 1819இல் பிரான்சில் ஹென்றி பிரக்கோனோ காட்டினார். 1922 அளவில் அமெரிக்காவில் ஓட்ஸ் உமியிலிருந்து ஃபுர்ஃபுரால் என்ற திரவத்தைத் தொழிற்சாலை அளவில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் ஜேர்மனியில் ஃபிஷரும் ட்ரொப்சும் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயுவிலிருந்து டீசல் போன்ற எண்ணெய் செய்யும் வழியைக் கண்டார்கள். அந்த வாயுவை மரத்திலிருந்தும் எடுக்கலாம். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் வரும். ஆகவே முடியுமா முடியாதா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு மரத்துக்கு எவ்வளவு எண்ணெய், மிச்சம் என்ன, அந்த மிச்சம் யார் தலையில் விழும் என்று கேட்கிறேன்.

வகுப்பில் நான் செய்துகாட்டி வந்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். மரக்காலையிலிருந்து கொண்டுவந்த உலர்ந்த மரத்தூளைக் கொதிகுழாயில் பாதிக்கு நிரப்பி, போக்குக் குழாய் பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீருக்குள் நிறுத்திய இன்னொரு குழாயில் விட்டு, காற்றுப் புகாமல் சூடாக்க வேண்டும். முதலில் வெண்புகை வரும். பிறகு தண்ணீருக்குள் நிற்கும் மற்றக் குழாயின் அடியில் கபில நிறத்தில் ஒரு திரவம் சொட்டுச் சொட்டாகச் சேரும். குழாய் நுனியில் வரும் வாயுவுக்குத் தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தத் திரவத்தில் அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் நீலப் பாசிச்சாயத்தாளைத் தோய்த்தால் உடனே சிவக்கும். ஒரு இரும்பாணியைப் போட்டு வைத்தால் அடுத்த பாடவேளைக்குள் அது கறுத்து, மேற்பரப்பு அரிபட்டு இருக்கும். சில கிழமை கழித்துப் போத்தலைத் திறந்து பார்த்தால் திரவம் தார்போலத் தடித்திருக்கும்.

உங்களுக்குத் திரையில் காட்டப்பட்ட "உயிர் எண்ணெய்" இந்தத் திரவம்தான். ஆலையில் அதை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில், ஓரிரு செக்கனுக்குள் ஆவியாக்கிக் குளிர்விப்பார்கள். நன்றாக நடந்தால் உலர்ந்த மரத்தின் நிறையில் 60 முதல் 70 வீதம் வரை திரவமாக வரும். எழுபது வீதம் என்றதும் கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தத் திரவத்தில் 15 முதல் 30 வீதம் வெறும் தண்ணீர் என்பதை யாரும் சொல்லவில்லை. அதன் நிறையில் 35 முதல் 40 வீதம் ஒட்சிசன். புளிப்புத்தன்மை விநாகிரிக்கு நிகர். ஒரு கிலோவை எரித்தால் டீசல் தரும் வெப்பத்தில் பாதிகூட வராது. அதை அப்படியே ஒரு படகு எஞ்சினுக்குள் ஊற்றினால் அந்த ஆணிக்கு நடந்தது எஞ்சினுக்கும் நடக்கும்.

டீசலாக மாற வேண்டுமானால் அதிலுள்ள ஒட்சிசனைக் கழற்ற வேண்டும். அதற்கு உயர் அமுக்கத்தில், தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கிகளின் மேல், ஐதரசன் வாயுவைச் செலுத்துவார்கள். உலகில் பெரும்பாலான ஐதரசன் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. திருகோணமலையில் இயற்கை வாயு கிடையாது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதென்றால் அந்த மின்சாரம் எங்கிருந்து, என்ன விலைக்கு? உள்ள மரத்தில் ஒரு பகுதியை வாயுவாக்கி அதிலிருந்தே எடுப்பதென்றால் எண்ணெயாக வரும் மரத்தின் அளவு இன்னும் குறையும். என் மூன்றாவது கேள்வியின் பொருள் இதுதான். ஐதரசன் எங்கிருந்து என்று எழுதப்படாத ஒரு மர டீசல் திட்டம் பாதித் திட்டம். பாதித் திட்டத்துக்கு முழுக் காணி கொடுக்க நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். இது உயர்தர மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய கணக்கு. ஒரு தொன் உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ 500 கிலோ காபன் இருக்கிறது. அதில் பாதி எரிபொருளாகப் போய்ச் சேருகிறது என்று தாராளமாகவே வைப்போம். மீதி கரியாகவும் வாயுவாகவும் போகும். டீசலில் 86 வீதம் காபன். அப்படியானால் ஒரு தொன் மரத்துக்கு 290 கிலோ, அதாவது 340 லீற்றர் அளவில் எண்ணெய். நடைமுறையில் இழப்புகள் இருக்கும் என்பதால் 300 லீற்றர் என்று கொள்கிறேன். நாளொன்றுக்கு 13,200 லீற்றர் கொள்ளும் எண்ணெய்ப் பவுசர் ஒன்றை, ஒன்றை மட்டும், நிரப்ப 44 தொன் உலர்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தில் பாதி தண்ணீர். ஆகவே வெட்டப்படுவது 88 தொன். எட்டுத் தொன் ஏற்றும் லொறியில் பதினொரு லொறி, ஒவ்வொரு நாளும். ஆண்டில் 300 நாள் ஆலை ஓடினால் 13,200 தொன் உலர்ந்த மரம்.

இது எங்கே விளையும்? சீமைக்கிளுவை என்று நாங்கள் வேலிக்கு நடும் கிளிரிசீடியாவை 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது. நல்ல மண்ணில், ஒழுங்காகக் கவ்வாத்துப் பண்ணி, ஆண்டுக்கு ஒரு ஹெக்டயரில் 10 தொன் உலர் விறகு எடுக்கலாம் என்று வைப்போம். அப்போதும் 1,320 ஹெக்டயர் வேண்டும். ஏக்கரில் 3,260. ஒரே ஒரு பவுசருக்கு! இயற்கையாக வளரும் எங்கள் வறண்ட வலயக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் இந்த வேகத்தில் வளரா. அவை மெல்ல வளரும் மரங்கள். கிளிரிசீடியா நட்டு வெட்டத் தொடங்கவே சில ஆண்டு செல்லும். அதுவரை ஆலைக்கு எந்த மரம் போகும் என்று அந்த இரண்டு பக்கத் தாளில் ஒரு வரி இல்லை. நிற்கிற காடுதான் போகும் என்பதை ஊரில் எல்லாரும் விளங்கிக்கொண்டுவிட்டோம்.

அந்தக் காட்டைப் பயன்பாடற்றது என்று எழுதியது யார்? நான் மூதூர் கிழக்கில் பிறந்தவள். 2006இல் யுத்தத்தால் சம்பூர்ப் பக்கம் முழுவதும் எழும்பி ஓடியபோது எங்கள் குடும்பமும் ஓடியது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஊரிலே விட்டுவந்த காணியில் ஒரு பெரும் பகுதி அனல் மின்நிலையத்துக்கு என்று எடுக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை, நீங்கள் பொறுக்க வேண்டும் என்றார்கள். 2016இல் அந்த நிலக்கரித் திட்டமே கைவிடப்பட்டது. எரிசக்தி என்ற பெயரைச் சொல்லி எங்களிடம் காணி கேட்பது இது முதல் தடவை இல்லை. அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்தபோது, ஆண்டுக்கணக்காகக் கலப்பை படாத வயல்களில் பற்றை மூடிக் கிடந்தது. வேலிக் கதியாலும் கிணற்றுக்கட்டும் இருந்த இடங்களைத் தடவித் தடவித்தான் எல்லை கண்டோம். துப்புரவாக்கப் போன சிலருக்கு, இது இப்போது காடு, வெட்டினால் வழக்கு என்று சொல்லப்பட்டது. எல்லைக்கல்லும் நடப்பட்டது. காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டியவர்கள் இன்னும் அலைகிறார்கள். அதே பற்றைக்காடு ஒரு கம்பனி கேட்டதும் பயன்பாடற்ற காணியாகிவிட்டது. எங்களுக்குக் காடு, அவர்களுக்கு வெறுங்காணி. இந்த இரண்டில் எது உண்மை என்று எழுத்தில் சொல்லுங்கள். காடு என்றால் ஆலைக்குக் கொடுக்க முடியாது. காடில்லை என்றால் முதலில் உறுதியோடு அலைகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அங்கே என்ன பயன்பாடு என்று கேட்டால் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். பெரும்போகத்துக்கு விதைத்ததும் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது. அறுவடை முடியும்வரை அந்தத் தரைதான் மாடுகளுக்குப் புகலிடம். மேய்ச்சல் தரை இல்லாமல் கிழக்கு முழுவதும் பண்ணையாளர்கள் படும் பாடு நீங்கள் அறியாததில்லை. பாலைப்பழக் காலத்தில் விடியப் புறப்பட்டுப் போய்ப் பழம் பொறுக்கி, தெருவோரம் வைத்து விற்று, அந்தக் காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிற தாய்மாரை எனக்குத் தெரியும்; அவர்களின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர் குடும்பங்கள் தேனுக்குப் போவதும் இப்படியான காடுகளுக்குத்தான். யானையையும் மறக்கக்கூடாது. காட்டை வெட்டினால் அது சேருவிலவிலும் வெருகலிலும் வயலுக்குள் இறங்கும். இப்போதே இரவில் காவல் கொட்டிலில் நித்திரை இல்லாமல் கிடக்கிறார்கள்.

2022இன் பொருளாதார நெருக்கடியையும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சமையல் வாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. விலையைக் கொடுத்தாலும் சிலிண்டர் இல்லை. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் தாவியது. மீன்பிடிப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. என் தம்பி தொழிலுக்குப் போக முடியாமல் கான்களோடு வரிசையில் படுத்துக் கிடந்தான். அந்த மாதங்களில் எங்கள் அடுப்புகளை எரித்தது இந்தப் பற்றைக்காட்டின் காய்ந்த விறகு. நகரத்தில் வாயு அடுப்பு வைத்திருந்தவர்கள்கூட விறகு தேடி வந்தார்கள். நாட்டின் எரிசக்திப் பாதுகாப்பு என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. எங்கள் எரிசக்திப் பாதுகாப்பு எதுவென்று அந்த ஆண்டு எங்களுக்குக் காட்டிவிட்டது. அதை வெட்டி டீசலாக்கி வேறெங்கோ கொண்டுபோனால், அடுத்த நெருக்கடியில் எங்கள் பெண்கள் எங்கே போவார்கள்?

எரிபொருள் எவ்வளவு தேவை என்பது வரிசையில் நின்ற எங்களுக்கு நன்றாகத் தெரியும். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அதை வைத்து இந்த ஊரை எரிசக்தி மையமாக்குவோம் என்று பல காலமாகப் பேச்சு நடக்கிறது. குதம் பக்கத்தில் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ஆகவே ஆலை இங்கே வரட்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். குதம் இருப்பது எண்ணெயை வைக்க. மரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இப்போது தண்ணீர். ஒட்சிசனைக் கழற்றும்போது அதில் பெரும் பங்கு தண்ணீராகத்தான் வெளியேறும். முற்றாக உலர்ந்த மரத்திலிருந்துகூடத் தொன்னுக்குச் சில நூறு கிலோ தண்ணீர் பிறக்கும். ஒரு பவுசர் கணக்குக்கே நாளொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேல். அசற்றிக் அமிலமும் பீனோல் வகைகளும் கரைந்த தண்ணீர் அது. குளிர்விக்கும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் வேறு. வெப்ப முறையை விட்டு அமில முறைக்குப் போனால், மரத்தை ஐதான சல்பூரிக் அமிலத்தோடு 150 முதல் 200 பாகை வரை சூடாக்குவார்கள். மரத்தின் நார்ப்பொருட்களான எமிசெலுலோசிலிருந்து ஃபுர்ஃபுராலும் செலுலோசிலிருந்து லெவுலினிக் அமிலமும் ஃபோமிக் அமிலமும் வரும். லெவுலினிக் அமிலத்திலிருந்து எரிபொருளில் கலக்கும் பொருட்களைச் செய்யலாம், அருமையான இரசாயனம். ஆனால் மிஞ்சும் அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் தொன் கணக்கில் ஜிப்சம் சேறு சேரும். ஃபுர்ஃபுரால் மீனுக்கும் தண்ணீரில் வாழும் மற்ற உயிர்களுக்கும் நஞ்சு. எந்த முறை என்று சொல்லாமல் "வெப்ப இரசாயனம்" என்று மட்டும் எழுதியிருப்பதால் எந்தக் கழிவு வரும் என்றுகூட எங்களால் கேட்க முடியாமல் இருக்கிறது.

கழிவைத் தொட்டிகளில் தேக்கி வைப்போம் என்றார்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. மாரி மழையும் மேலே இருந்து வரும் வெள்ளமும் சேர்ந்தால் மூதூர்ப் பக்கத்தில் எது ஆறு, எது வயல் என்று தெரியாது. திறந்த தேக்கத் தொட்டி அந்த வெள்ளத்தில் நிற்குமா? ஒரே ஒரு தடவை நிரம்பி வழிந்தால் போதும். குடாவின் நண்டும் இறாலும் எத்தனை வீட்டுச் சோறு! கிண்ணியா, உப்பாறுப் பக்கம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் கைவிட்டு, விரலால் தடவித்தான் மட்டி எடுக்கிறார்கள். நகம் கரைந்து, விரல் நுனி வெடித்த கைகள் அவை. அந்தச் சேற்றில் பீனோலும் அமிலமும் படிந்தால் முதலில் அறியப்போவது அந்த விரல்கள். மட்டி ஓடிப்போகாத உயிர். தண்ணீரில் இருப்பதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதைத் தின்பது நாங்கள்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் கியோர் என்ற கம்பனி பைன் மரச் சீவல்களிலிருந்து பெற்றோலும் டீசலும் செய்யப் புறப்பட்டது. மாநில அரசு 75 மில்லியன் டொலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சொன்ன அளவு எண்ணெய் வரவில்லை. 2014 நொவெம்பரில் கம்பனி வங்குரோத்தானது. ஜோர்ஜியா மாநிலத்தில் ரேஞ்ச் ஃபியூவல்ஸ் என்ற மர எரிபொருள் ஆலை 2011இல் மூடப்பட்டது. பணமும் பைன் காடுகளும் பொறியியலாளர்களும் நிறைந்த நாட்டில் நடந்தவை இவை.

வெற்றி பெற்ற ஆலையும் உண்டு. பின்லாந்தின் லப்பேன்ராந்தாவில் யூபிஎம் கம்பனி 2015 தொடக்கம் மரத்தின் பிசின் எண்ணெயிலிருந்து டீசல் செய்கிறது. அந்த எண்ணெய் காகிதக்கூழ் ஆலைகளில் ஏற்கெனவே மிஞ்சுகிற பொருள். டீசலுக்கென்று அங்கே புதிதாகக் காடு வெட்டத் தேவையில்லை. கூழ் வேலையில் மிஞ்சியதைச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். எங்களுக்குப் பொருந்தும் பாடம் அதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மிஞ்சுவது என்ன? மரக்காலைகளுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து, மழையில் ஊறி, கடைசியில் தீ வைக்கப்படும் மரத்தூள். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா ஆலைகளின் உமி. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். உமியைச் சூளைக்காரரும் கொதிகலன் வைத்திருப்போரும் ஏற்கெனவே வாங்குகிறார்கள் என்பதால் அதில் மிச்சம் எவ்வளவு என்று அளந்துதான் பேச வேண்டும். வீட்டு வேலிகளிலும் தென்னங்காணிகளிலும் வெட்டி எறியப்படும் கிளிரிசீடியாக் கிளைகள் இருக்கின்றன. இவற்றை வைத்து ஒரு சிறிய பரீட்சார்த்த ஆலையை முதலில் நடத்திக் காட்டுங்கள். கரியை வயலுக்குப் போடலாம், வாயுவை உலர்த்தியில் எரிக்கலாம், திரவத்தைக் கொதிகலனில் எரித்துப் பார்க்கலாம். டீசல் வரை போக வேண்டுமா என்பதை அங்கே கிடைக்கும் அளவுகள் சொல்லும். என் மாணவர்கள் பலர் இன்று பட்டதாரிகளாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியான ஆலையில் அவர்கள் வேலை செய்தால் நான் போய்ப் பார்த்துச் சந்தோசப்படுவேன்.

இனி, நான் கேட்பவை.

காணி ஒதுக்கும் வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன்கீழ் 1993இல் வந்த வர்த்தமானியும், ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் 50 ஹெக்டயருக்கு மேல் காணி துப்புரவாக்குவதையும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குரிய திட்டங்களாக வைத்திருக்கின்றன. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைத்து, கருத்துக் கேட்ட பிறகுதான் ஒப்புதல் பற்றிப் பேசலாம். ஆலை வேறு, தோட்டம் வேறு, பாதை வேறு என்று திட்டத்தைத் துண்டு துண்டாக்கி மதிப்பீட்டிலிருந்து தப்ப இடம் கொடுக்காதீர்கள்.

முழுத் திட்டத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். எந்த முறை, நாளொன்றுக்கு எத்தனை தொன் மரம், எத்தனை லீற்றர் எண்ணெய், ஐதரசன் எதிலிருந்து, எவ்வளவு தண்ணீர் உள்ளே, எவ்வளவு கழிவு வெளியே என்ற பொருட்கணக்கு அதில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நானும் இன்னும் சிலரும் இதையே விண்ணப்பமாகக் கேட்டிருக்கிறோம்.

இயற்கைக் காட்டிலிருந்தும் கண்டல் காட்டிலிருந்தும் ஒரு தடிகூட ஆலைக்குள் போகாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வரும் ஒவ்வொரு லொறியின் மரமும் எங்கிருந்து வெட்டப்பட்டது என்ற பதிவேட்டை ஊர்ச் சங்கங்கள் எந்நேரமும் பார்க்கக்கூடியதாக வையுங்கள். வேலிக் கிளை கொண்டுவந்து கொடுக்கும் குடும்பத்துக்கு உலர் நிறைக்குக் கிலோ என்ன விலை என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

குடாவின் தண்ணீரையும் சேற்றையும் மட்டியையும் ஆலை வருமுன் இப்போதே பரிசோதியுங்கள். மாதிரி எடுக்கும்போது மீனவர் சங்கத்தவரும் மட்டி எடுக்கும் பெண்களும் கூட நிற்க வேண்டும். இன்றைய அளவு பதிவில் இல்லாவிட்டால், நாளை கெட்டது ஆலையால்தான் என்று எங்களால் ஒருபோதும் காட்ட முடியாது. வெள்ளம் ஏறும் நிலத்தில் திறந்த தேக்கத் தொட்டிக்கு அனுமதி வேண்டாம்.

உறுதி வைத்திருக்கும் குடும்பங்களின் காணிப் பிணக்கை முதலில் தீருங்கள். மேய்ச்சல் தரையை அளந்து, எல்லை குறித்து, மேய்ச்சல் தரை என்றே வர்த்தமானியில் போடுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் எந்தக் கம்பனிக்கும் ஒரு ஏக்கரும் கொடுக்க வேண்டாம்.

இந்த மாரி தொடங்க முன், மூதூரில், வேலைநாள் அல்லாத ஒரு பின்னேரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கூட்டம் வையுங்கள். திட்டத்தின் பொறியியலாளரை நேரே அனுப்புங்கள். நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவர் அங்கே எண்களில் பதில் சொல்லட்டும். கூட்டக் குறிப்பில் இரு பக்கமும் கையெழுத்திட வேண்டும். திகதியை எழுத்தில் அறிவியுங்கள். கரும்பலகையும் வெண்கட்டியும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மூதூர் கிழக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை
திருகோணமலை